ஊரிக்கும் இரண்டு கதிரை, சூரிச்சுக்கும் இரண்டு கதிரை

1994ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுவிஸ் மக்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. இங்கே வளர்ந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகள் குடியுரிமை எடுப்பதை இலகுவாக்க அரசியலமைப்பைத் திருத்தலாமா? வாக்களித்தவர்களில் 52.8 வீதமானோர் 'ஆம்' என்று எழுதினார்கள். ஆனாலும் அந்தத் திருத்தம் தோற்றுப்போனது.

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னவர், வேலையிடத்தில் எனக்குப் பக்கத்து மெசினில் நிற்கும் ஒரு வயதான சுவிஸ்காரர். ஊரி மாநிலத்தில் பிறந்தவர். பகல் இடைவேளையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். நான் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பாதிக்கு மேல் ஆம் என்றால் வென்றதுதானே, பிறகு எப்படித் தோற்கும்? அவர் சிரித்துவிட்டு, "சனம் ஆம் என்றது, மாநிலங்கள் இல்லை என்றன" என்றார். மாநில வாக்குகள் மொத்தம் 23. அவற்றில் 13 எதிராக விழுந்தன. அரசியலமைப்பில் கைவைப்பதென்றால் மக்களில் பெரும்பான்மையும் வேண்டும், மாநிலங்களில் பெரும்பான்மையும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் இது மனதை விட்டுப் போகவில்லை. சூரிச் மாநிலத்தில் சுமார் 16 இலட்சம் பேர் இருக்கிறார்கள். ஊரியில் 40 ஆயிரம் பேர்கூட இல்லை. இருவருக்கும் ஒரே நிறையா? எந்த ஊர் நியாயம் இது? நான் சட்டம் படித்தவன் அல்ல, பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் எங்களுடைய பிள்ளைகளின் காரியம் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று நூலகத்தில் தேடவும், தெரிந்தவர்களைக் கேட்கவும் தொடங்கினேன். அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தோற்றவர்களுக்கும் ஒரு கதிரை

இப்போது நாம் காணும் அமைதியான சுவிஸ் 1847இல் தனக்குள்ளேயே சண்டை பிடித்த நாடு. அதற்கு முன்னர் இங்கே ஒரு மத்திய அரசாங்கம் என்று சொல்லக்கூடியது இருக்கவில்லை. மாநிலங்களின் தூதுவர்கள் கூடும் ஒரு சபை மட்டுமே இருந்தது. பெரிய மாநிலத்துக்கும் ஒரு வாக்கு, சின்ன மாநிலத்துக்கும் ஒரு வாக்கு. வந்தவர்கள் சொந்த மூளையில் ஒன்றும் பேச முடியாது. ஊரில் என்ன சொல்லி அனுப்பினார்களோ அதைத்தான் சொல்லலாம். புதிதாக ஒரு விடயம் வந்தால் திரும்ப ஊருக்கு ஓடவேண்டும். இப்படி ஒரு சபை எதைத்தான் முடிவு செய்யும்?

பேர்ண், சூரிச் போன்ற பெரிய மாநிலங்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒரே நாணயம், ஒரே சுங்கம், ஒரே தபால் என்று அவர்கள் கேட்டார்கள். லுசேர்ன், ஊரி, சுவிட்ஸ், உன்ரர்வால்டன், சுக், பிறிபேர்க், வலே ஆகிய ஏழு கத்தோலிக்க மாநிலங்கள் பயந்தன. தங்கள் சமயத்தையும் தங்கள் ஆட்சியையும் பெரியவர்கள் விழுங்கிவிடுவார்கள் என்று 1845இல் தனியாக ஒரு கூட்டுச் சேர்ந்தன. 1847 நவம்பரில் சண்டை மூண்டது. நாலு கிழமைக்குள் முடிந்தது. இறந்தவர்கள் சுமார் 100 பேர். தளபதி டூபூர் ஜெனீவாக்காரர். காயப்பட்ட எதிரியையும் பிடிபட்டவனையும் கௌரவமாக நடத்தவேண்டும் என்று தன் படைக்குக் கண்டிப்பாகக் கட்டளை போட்டவர். 1863இல் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக இருந்தவரும் இவரேதான். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தச் சிவப்புச் சிலுவை போட்ட வாகனத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் பெயரைத் தெரிந்திருப்பது நல்லது.

ஏழு மாநிலங்களும் தோற்றன. போர்ச் செலவையும் அவர்களின் தலையிலேயே கட்டினார்கள். மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்தது 1852இல்தான். ஆகவே வென்றவர்கள் எல்லோரும் புண்ணியவான்கள் என்று நான் எழுத வரவில்லை. புதிய அரசியலமைப்பு யேசுசபைக் குருமாரைத் தடைசெய்தது. அந்தத் தடை நீங்கியது 1973இல். விரும்பிய இடத்தில் குடியேறும் உரிமையைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது; யூதர்கள் 1866 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது.

ஆனால் 1848 பெப்ரவரி 17ஆம் திகதி புதிய அரசியலமைப்பை எழுதுவதற்குப் பேர்ணில் ஒரு குழு கூடியபோது, தோற்ற மாநிலங்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். என்னை யோசிக்க வைத்தது இதுதான். சண்டை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. துப்பாக்கி சூடாறுமுன் எதிரிக்குப் பக்கத்துக் கதிரையைக் காட்டியிருக்கிறார்கள்.

குழுவுக்கு வந்த பெரிய தலையிடி பாராளுமன்றத்தை எப்படி அமைப்பது என்பதுதான். பெரிய மாநிலத்தார் சனத்தொகைக் கணக்கைக் கேட்டார்கள். தலைக்கு ஒரு வாக்கு என்பதைவிட நியாயம் வேறு என்ன இருக்கிறது? சின்ன மாநிலத்தார் விடவில்லை. நாங்கள் சனக்கூட்டமாக அல்ல, மாநிலங்களாகத்தான் இந்தக் கூட்டில் சேர்ந்தோம். தலையை எண்ணினால் நாளைக்கே எங்களைக் கரைத்துவிடுவீர்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை இருந்தது. அதுதான் சிக்கல். ஒருவர் பொய் சொன்னால் தீர்ப்புச் சொல்வது சுகம்.

அமெரிக்காவில் இருந்து வந்த யோசனை

லுசேர்ன் மாநிலத்தில் பிறந்த ட்றொக்ஸ்லர் என்ற வைத்தியர், தத்துவப் பேராசிரியரும் கூட, 1848 தொடக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். இதே சண்டையை அமெரிக்கர்கள் 60 வருடங்களுக்கு முன்பே பிடித்து, ஒரு வழியும் கண்டுவிட்டார்கள், அதைப் பாருங்கள் என்று அதில் எழுதியிருந்தார். சுவிட்ஸ் மாநிலத்தில் இருந்து குழுவுக்கு வந்த அவருடைய பழைய மாணவர் ஒருவர்தான் அந்தப் புத்தகத்தைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

அந்த அமெரிக்கக் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். 1787 மே முதல் செப்ரெம்பர் வரை பிலடெல்பியா நகரத்தில், கதவைச் சாத்தி, வெளியே ஒன்றும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு 55 பேர் பேசினார்கள். பெரிய மாநிலமான வேர்ஜீனியா, சனத்தொகைப்படி பிரதிநிதிகள் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நியூஜேர்சியின் பற்றர்சன் எல்லா மாநிலத்துக்கும் சம வாக்கு என்று மாற்றுத் திட்டம் வைத்தார். 1790 கணக்கெடுப்பின்படி வேர்ஜீனியாவில் ஏழரை இலட்சம் பேர். டெலவெயரில் 59 ஆயிரம். டெலவெயர் தன் ஆட்களை அனுப்பும்போதே, சம வாக்கை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று கையைக் கட்டித்தான் அனுப்பியிருந்தது. அந்த மாநிலத்தின் பெட்ஃபோர்ட் என்பவர் யூன் 30ஆம் திகதி ஆத்திரத்தில் எழும்பி, நீங்கள் இப்படிச் செய்தால் எங்களைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போக வெளிநாட்டு நண்பர்கள் கிடைப்பார்கள் என்ற கருத்துப்படப் பேசிவிட்டார். சபை திகைத்துப்போனது. யூலை 2ஆம் திகதி எடுத்த வாக்கெடுப்பு ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. கூட்டமே கலைந்துபோகும் நிலை.

கடைசியில் கனெற்றிக்கட் மாநிலத்து றோஜர் ஷேர்மன் முன்பே சொல்லிக்கொண்டிருந்த வழிக்கு வந்தார்கள். ஒரு சபையில் தலைக்கணக்கு. மற்றச் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சம இடம். யூலை 16ஆம் திகதி ஐந்துக்கு நான்கு என்று இது வென்றது. ஒரு மாநிலத்தின் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து நின்றதால் அதன் வாக்கு எண்ணப்படவில்லை. நியூயோர்க்காரரில் இரண்டு பேர் முன்பே கோபித்துக்கொண்டு போய்விட்டதால் அந்த மாநிலத்துக்கு வாக்கே இல்லை. இவ்வளவு பெரிய நாட்டின் அத்திவாரம் ஒரே ஒரு வாக்கில் நின்றிருக்கிறது.

இதிலே இன்னொரு அசிங்கமும் உண்டு. தலைக்கணக்கு என்றார்களே, யாருடைய தலை? தென் மாநிலங்களில் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகள். அவர்களுக்கு வாக்கில்லை. ஆனால் அவர்களின் எசமான்கள், எங்களுக்கு இடம் ஒதுக்கும்போது அடிமைகளையும் எண்ணவேண்டும் என்றார்கள். ஐந்து அடிமையை மூன்று ஆளாக எண்ணுவது என்று பேரம் முடிந்தது. வாக்கில்லாத மனிதனுடைய தலையைக் காட்டி, அவனைக் கட்டி வைத்திருப்பவன் கூடுதல் கதிரை வாங்கினான். இந்த விடயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், கீழே திரும்பவும் வரும்.

பேர்ணிலும் சுலபமாக முடியவில்லை. இரண்டு சபை என்றால் இரட்டிப்புச் செலவு, இழுபறி, எங்கள் மண்ணுக்கு ஒட்டாத அந்நியச் சரக்கு என்று எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் வேறு வழி ஒன்றும் சரிவரவில்லை. ஏப்ரில் 8ஆம் திகதி, 51 நாட்களில், முழு வரைவையும் முடித்தார்கள். அந்த நேரம் பாரிசில் புரட்சி, வியன்னாவில் புரட்சி, பக்கத்து அரசர்கள் தங்கள் முடியைக் காப்பாற்ற ஓடித்திரிந்தார்கள். சுவிஸ்காரரைத் தடுக்க ஒருவருக்கும் நேரமில்லை. அதுவும் ஒரு அதிர்ஷ்டம்.

கோடைகாலத்தில் மாநிலங்கள் வாக்களித்தன. பதினைந்தரை ஆம், ஆறரை இல்லை. (அரை என்பது அரை மாநிலங்களின் வாக்கு.) இதிலும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. லுசேர்னில் வாக்குப் போட வராதவர்களையும் 'ஆம்' என்று எண்ணினார்கள். பிறிபேர்க்கில் மக்களைக் கேட்கவேயில்லை, மாநிலச் சபையே முடிவு செய்தது. இல்லை என்ற ஆறரையும் கூட்டாட்சிக்குள்தான் இருக்கவேண்டியிருந்தது. 1848 செப்ரெம்பர் 12ஆம் திகதி அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

இன்றைக்கு எப்படி?

மக்கள் சபையை இங்கே 'நற்சியோனால்றாற்' என்பார்கள். முதலில் 111 பேர், 20 ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. இப்போது 200 பேர். 2023 தேர்தலில் சூரிச்சுக்கு 36 கதிரை, ஊரிக்கு ஒன்று. மாநிலங்கள் சபையை 'ஸ்ரெண்டெறாற்' என்பார்கள். மாநிலத்துக்கு இரண்டு, அரை மாநிலத்துக்கு ஒன்று. அன்றைக்கு 44, யூறா மாநிலம் 1979இல் தனியாகப் பிரிந்து வந்ததிலிருந்து 46. இங்கே சூரிச்சுக்கும் இரண்டு, ஊரிக்கும் இரண்டு.

இரண்டு சபைக்கும் ஒரே அதிகாரம். ஒரே வாசகத்தை இரண்டும் ஏற்றால்தான் சட்டம். ஏற்காவிட்டால் சட்டமூலம் அங்குமிங்கும் மூன்று தடவை போய்வரும். பிறகு இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக இருந்து பேசுவார்கள். அதிலும் முடியாவிட்டால் குப்பைக்கூடைதான். பழைய தூதுவர் சபையில் இருந்து ஒரு பெரிய மாற்றம் என்னவென்றால், மாநிலங்கள் சபைக்குப் போகிறவருக்கு ஊரில் இருந்து கட்டளை போட முடியாது. தன் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம்.

யேர்மனியில் உறவினர் உள்ளவர்கள், அங்கேயும் இப்படியா என்று கேட்கலாம். அங்கே வேறு. 1948, 1949இல் பொன் நகரில் இதே வாதம் நடந்து, சம இடமும் இல்லை முழுத் தலைக்கணக்கும் இல்லை என்று நடுவழியில் நின்றார்கள். மாநிலத்துக்கு மூன்று முதல் ஆறு வாக்குகள். மக்கள் தெரிவு செய்தவர்கள் அல்ல, மாநில அரசாங்கத்தின் ஆட்களே அங்கே இருப்பார்கள். ஒரு மாநிலத்தின் எல்லா வாக்குகளும் ஒரே பக்கம்தான் விழவேண்டும். கனடாவில் மேற்சபைக்குத் தேர்தலே கிடையாது, நியமனம்தான். அமெரிக்காவில் 39 மில்லியன் சனம் உள்ள கலிபோர்னியாவுக்கும், அதைவிட அறுபது மடங்குக்கு மேல் சிறிய வயோமிங்குக்கும் இரண்டு இரண்டு பேர்தான். ஒரு மாநிலம் தானாகச் சம்மதிக்காமல் அதன் சம இடத்தைப் பறிக்க முடியாது என்றும் எழுதி வைத்துவிட்டார்கள்.

எங்கள் நாட்டைப் பற்றி ஒரு பந்தி

இதை எழுதும்போது எங்கள் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா? 1944இல் சோல்பரி ஆணைக்குழு வந்தபோது ஜீ.ஜீ.பொன்னம்பலம் அவர்கள் 'ஐம்பதுக்கு ஐம்பது' கேட்டார். பாதி இடம் பெரும்பான்மைக்கு, பாதி இடம் மற்ற எல்லோருக்கும். அது கிடைக்கவில்லை. 75 ஆயிரம் பேருக்கு ஒரு தொகுதி, அதோடு மாகாணத்தின் ஒவ்வொரு 1000 சதுர மைலுக்கும் ஒரு தொகுதி கூட என்ற கணக்குத்தான் வந்தது. 30 பேர் கொண்ட செனற் சபை ஒன்றும் இருந்தது. ஆனால் அதில் 15 பேரைக் கீழ்ச்சபை தெரிவு செய்தது, 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். வடக்குக்கு இவ்வளவு, கிழக்குக்கு இவ்வளவு என்று ஒரு கதிரையும் இல்லை. கீழ்ச்சபையின் நிழல்தான் அது. 1971இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் 1948, 1949 சட்டங்களால் மலையகத் தமிழரின் பிரசாவுரிமையும் வாக்கும் போயின. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது அவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டன. கதிரை யாருக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரியும். நான் மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எங்களுடைய தலையும் எண்ணப்படுகிறது

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மக்கள் சபையின் 200 கதிரைகளை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது சுவிஸ் பிரசைகளை மட்டும் எண்ணுவதில்லை. இங்கே நிரந்தரமாக வசிக்கும் எல்லோரையும் எண்ணுகிறார்கள். வெளிநாட்டவரும் அதில் அடக்கம். பி விசாவோடு, சி விசாவோடு இருக்கும் நீங்களும் நானும் எங்கள் குழந்தைகளும் எண்ணப்படுகிறோம். சூரிச்சின் அந்த 36 கதிரையில் எங்கள் சனத்தின் நிறையும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதிரையில் யார் இருப்பது என்று சொல்ல எங்களுக்கு வாக்கு இல்லை.

இதை நான் அடிமைக் கணக்கோடு வைத்துப் பார்க்கவில்லை. இங்கே ஒருவரும் எங்களைச் சங்கிலியில் கட்டவில்லை, வழி திறந்திருக்கிறது. ஆனால் எண்ணுவது வேறு, கேட்பது வேறு என்பது இங்கேயும் உண்மை. பக்கத்து மெசின்காரருக்கு இதைச் சொன்னபோது அவருக்கே தெரியவில்லை. "அப்படியென்றால் உங்களால்தான் சூரிச்சுக்கு இவ்வளவு கதிரையா?" என்று முகத்தைச் சுளித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களிடம் இன்னும் இரண்டு இருக்கிறது, அதை ஒருவராலும் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது" என்றார். அந்த மனிதருக்கு அந்த இரண்டு கதிரை, எங்களுக்குக் கோயில் தேர் மாதிரி.

நான் அவரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. 1994இல் நடந்ததை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது. 2004இல் திரும்பவும் கேட்டார்கள். இரண்டாம் தலைமுறைக்கு ஒன்று, மூன்றாம் தலைமுறைக்கு ஒன்று. அந்த முறை மக்கள் வாக்கிலேயே இரண்டும் தோற்றன. 2017 பெப்ரவரி 12ஆம் திகதிதான் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு 60.4 வீத வாக்கும், 23இல் 17 மாநில வாக்கும் கிடைத்தன. 1994இல் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிட்டன. அப்படியிருந்தும், சின்னவனுடைய கதிரையைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சின்னவனுக்குக் கதிரை இல்லாத ஒரு நாட்டில் இருந்துதானே நாங்கள் வந்திருக்கிறோம்.

இப்போது புதிதாக வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சாதாரண வழிதான். 2018இல் இருந்து 10 வருட வதிவும் சி விசாவும் வேண்டும். முன்பு 12 வருடம். பிள்ளைகளுக்கு 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட வருடங்கள் இரட்டிப்பாக எண்ணப்படும். கிராமசபை, மாநிலம், கூட்டாட்சி என்ற மூன்று வாசலையும் கடக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. மாநிலங்கள் சபைக்கு யார் எப்படித் தெரிவாவது என்பதை அந்தந்த மாநிலமே தீர்மானிக்கும். 1848இல் செய்த ஏற்பாடு அது. இதனால் யூறா, நொசாத்தல் ஆகிய இரண்டு மாநிலங்களில், போதிய காலம் வசித்த வெளிநாட்டவரும் மாநிலங்கள் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரசாவுரிமை தேவையில்லை. மக்கள் சபைத் தேர்தலில் இந்த உரிமை நாடு முழுவதிலும் எங்கும் கிடையாது. அந்த இரண்டு மாநிலங்களிலும் எம்மவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் காலத்தில் உங்கள் பெயருக்கு ஒரு பெரிய தபால் உறை வரும். பிரெஞ்சு விளங்கவில்லை என்று அதை விளம்பரக் கடதாசிகளோடு சேர்த்துக் கட்டி வீதியில் வைத்துவிடாமல், பிள்ளைகளைக் கொண்டாவது வாசித்துப் பாருங்கள்.